பதினேழாம் மனையில் ஒரு குடித்தனம்

சௌடேஸ்வரி துணை

கோயமுத்தூர்
12-5-1973

அன்புத் தங்கை பாலாமணிக்கு அண்ணன் சென்னய்யா ஆசியுடன் எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணியும் பிள்ளைகளும் சுகம். நீயும் மகள் ரத்தினமும் எப்படி இருக்கிறீர்கள்? அருப்புக்கோட்டையில் இந்தச் சித்திரையிலும் ஒரு தூறல்கூட இல்லை என்று நம் ஊரிலிருந்து மில்லுக்கு வந்தவர் சொன்னார். தண்ணீருக்கு எவ்வளவு தூரம் அலைகிறாயோ என்று நினைத்துக்கொண்டேன்.

நல்ல செய்தி ஒன்று. நெசவாளர் காலனியில் இருக்கும் நம் மனையில் நீ குடியிருக்கும் பழைய வீட்டை இடித்துவிட்டு ஆறு வீடு வரிசையாகக் கட்டப் போகிறேன். டவுனில் குடியிருக்க வீடு கிடைக்காமல் எத்தனையோ பேர் அலைகிறார்கள். ஒரு மனைக்கு ஒரு குடித்தனம்தான் என்று மனை கொடுத்த நெசவாளர் சங்கம் போட்ட நிபந்தனையை மட்டும் தளர்த்திவிட்டால் நகராட்சியில் பிளான் பாஸாகிவிடும். மனை உன் பேரில் இருப்பதால் மனுவில் உன் கையெழுத்து வேண்டும். மனுவும் பிளானும் இதனுடன் இருக்கின்றன, மனுவில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் போட்டு அனுப்பு.

கடைசி வீடு உனக்கு. உன்னிடம் வாடகை கேட்கமாட்டேன். இனி நீ தறியில் முதுகை ஒடிக்க வேண்டாம். காலை நீட்டி உட்கார்ந்து குடித்தனக்காரர்களோடு சண்டை போடலாம். அது உனக்கு நன்றாக வரும்.

உன் அண்ணன்,
சென்னய்யா


அருப்புக்கோட்டை
27-5-1973

அன்புள்ள அண்ணனுக்கு பாலாமணி வணக்கத்துடன் எழுதியது.

நானும் ரத்தினமும் சௌக்கியம். தண்ணீருக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றால் இரண்டு குடம் கிடைக்கிறது. ஆறு குடித்தனம் வந்தால் எங்கே போய்த் தண்ணீர் எடுப்பார்கள் என்று பிளானில் போடவில்லையே.

என்னிடம் வாடகை கேட்கமாட்டீர்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ரத்தினம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிளானைப் பார்த்தேன். கடைசி வீடு பத்துக்குப் பத்து ஒரே அறை. அதில் தறிக்குழி தோண்டினால் நாங்கள் எங்கே படுப்பது? அவர் செத்து நான் கைப்பிள்ளையோடு வந்து நின்றபோது என்னைக் காப்பாற்றியது நான் காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் இந்தக் குழி. தறி ஓட்டுகிறவர்களுக்குத்தான் மனை என்று சங்கத்தில் சொன்னபோது நீங்கள் தறியை விட்டு இங்கே மில்லில் சேர்ந்திருந்தீர்கள். அதனால்தான் என் பேரில் வாங்கினீர்கள். அந்த நிபந்தனை இன்றும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கோயமுத்தூர் போகும்வரை நாம் எல்லோரும் இதே வீட்டில் இருந்தோம். அண்ணி தன் அடுப்புப் பக்கம் என்னை விட்டதில்லை. முருங்கை மரத்தடியில் மூன்று கல் வைத்து எனக்கும் ரத்தினத்துக்கும் கஞ்சி காய்ச்சினேன். சங்க இன்ஸ்பெக்டர் வந்தால் முதலில் அடுப்பைத்தான் எண்ணுவார். இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடித்தனம் என்று எழுதிவிடுவார். அவர் வரும் நாளில் அண்ணி குரல் கொடுப்பார்கள். நான் கல்லைக் கலைத்துச் சாம்பல் மேல் மண்ணைத் தள்ளுவேன். அப்போது நீங்கள் வாசலில் நின்று அவரோடு பேசிக்கொண்டிருப்பீர்கள்.

கையெழுத்துப் போடவில்லை. யோசித்துச் சொல்கிறேன்.

உங்கள் தங்கை,
பாலாமணி


கோயமுத்தூர்
24-6-1973

பாலாமணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பழையதையெல்லாம் கிளறி எழுதியிருக்கிறாய். உன் அண்ணி படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மனை உன் பேரில் இருப்பது பேருக்குத்தான். அது ஊருக்கே தெரியும். நீ யோசித்துக்கொண்டே இருந்தால் வருஷம் ஓடிவிடும் என்று வேறொரு மனு எழுதி, உனக்காக நானே உன் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டேன். உனக்கு நல்லது செய்ய உன்னிடமே கெஞ்ச வேண்டுமா?

சங்க ஆபீஸில் ஒரு குமாஸ்தாவை விசாரித்தேன். தறி ஓடாத மனை என்றால் நிபந்தனையைத் தளர்த்துவது சுலபம் என்றார். எம்.ரெட்டியபட்டிக் கொத்தனார் கருத்தப்பாண்டி வந்து நூல் பிடித்து அளப்பார். அவருக்கு மோர் கொடு.

சென்னய்யா


அருப்புக்கோட்டை
5-8-1973

அண்ணனுக்கு,

கருத்தப்பாண்டி அளக்க வரவில்லை, அண்ணா. ஆடி அமாவாசை அன்று வந்து தறிக்குழியை மூடிவிட்டுப் போய்விட்டார்.

அமாவாசைக்கு நம்மவர்கள் தறியில் உட்கார மாட்டோம் என்பது கொத்தனாருக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் நாள் குறித்துக் கொடுத்திருக்க வேண்டும். செத்துப்போன என் வீட்டுக்காரருக்காகத் திருச்சுழி கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு நானும் ரத்தினமும் சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம். தறியைப் பிரித்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள். பாதி நெய்த சேலையைப் பாவு நூலோடு அறுத்து ஒரு சாக்கில் போட்டிருந்தார்கள். குழி இருந்த இடத்தில் புதுமண் கொட்டி, கெட்டியாக இடித்து, தண்ணீரும் தெளித்திருந்தார்கள். காலையில் குழி மேட்டில் நான் ஏற்றி வைத்துவிட்டுப் போன விளக்கையும் மண்ணோடு சேர்த்து மூடிவிட்டார்கள். எனக்கு வயிறு எரிகிறது, அண்ணா. உங்களுக்கும் ஒரு காலத்தில் அந்தக் குழிதானே சோறு போட்டது.

குமாஸ்தா உங்களிடம் பாதிதான் சொல்லியிருக்கிறார். மறுநாளே நான் சங்கத்துக்குப் போய்க் கேட்டேன். தறி இல்லையென்றால் நிபந்தனை தளராது. மனையே ரத்தாகிச் சங்கத்துக்குத் திரும்பிப் போய்விடும். உங்கள் ஆறு வீடும் கிடையாது, எனக்கு இருக்கிற ஒரு வீடும் கிடையாது. உங்கள் மனுவை விசாரிக்கப் பதினாறாம் தேதி இன்ஸ்பெக்டர் வருகிறார்.

பாலாமணி


கோயமுத்தூர்
11-8-1973

அன்புள்ள பாலாமணிக்கு,

நான் செய்தது தவறு. உன் கண்ணீர் என்னைச் சும்மா விடாது என்று உன் அண்ணியே சொல்லிவிட்டாள்.

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். மில்லில் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேலாகப் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, நாலு படி ஏறினால் மூச்சு நின்றுவிடுகிறது. மில் கொடுத்த வீட்டைக் கார்த்திகைக்குள் காலி செய்ய வேண்டும். ஆறு வீட்டில் ஒன்றில் நாங்கள் இருந்துகொண்டு மற்றதை வாடகைக்கு விட்டால் பிள்ளைகள் பசியில்லாமல் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். தங்கையிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தால், தறியைப் பழுதுபார்க்கப் பிரித்திருக்கிறோம் என்று சொல். வீடு அண்ணனுடையது, அவர் கட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றும் சொல். எனக்கு இதை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

உன் அண்ணன்,
சென்னய்யா


அருப்புக்கோட்டை
20-8-1973

அண்ணனுக்கு பாலாமணி எழுதுவது.

உங்கள் கடிதம் பதினான்காம் தேதி கிடைத்தது. படித்துவிட்டு நெடுநேரம் அழுதேன். உங்கள் நெஞ்சுக்காக அழுதேன், என்னிடம் மறைத்ததற்காகவும் அழுதேன். முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் நானும் ரத்தினமும் கடப்பாரை எடுத்தோம். சேதி கேட்டுக் கருத்தப்பாண்டி சைக்கிளில் வந்துவிட்டார். வாசலிலேயே நின்றுகொண்டு, "அண்ணாச்சி சொன்னாக, மூடிட்டேன். பொம்பள பொழப்புக் குழின்னு தெரிஞ்சா மண்வெட்டியத் தொட்டிருக்க மாட்டேன் தாயி. நானே தோண்டித் தாரேன்" என்றார். மறுநாள் உச்சிக்குள் தோண்டி முடித்தார். விளக்கு உடையாமல் கிடைத்தது. கரை கட்டக் கல் போதவில்லை. முருங்கை மரத்தடியில் கிடந்த அந்த மூன்று கல்லையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அறுந்த பாவு நூலை நானும் ரத்தினமும் இழை இழையாக முடிந்தோம். விடிவதற்குள் தறியில் உட்கார்ந்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் வரும்போது தறி ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பு எத்தனை என்றார். "ஒண்ணு" என்றேன். மனுவைக் காட்டி, இது உன் கையெழுத்தா என்றார். "இல்ல" என்றேன். பிறகு, இது யார் வீடு என்று கேட்டார். பன்னிரண்டு வருஷமாக யார் கேட்டாலும் அண்ணன் வீடு என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்று "என் வீடு" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். மனுவைத் தள்ளிவிட்டதாக இன்று தபால் வந்தது. இனி ஆறு வீடு இல்லை.

கார்த்திகை வரை அங்கே கிடந்து இருமிக்கொண்டிருக்க வேண்டாம். எல்லோரும் கிளம்பி வாருங்கள். வடக்கு அறையை ரத்தினம் பெருக்கி மெழுகி வைத்திருக்கிறாள். அது தறிக்குத் தள்ளி இருப்பதால் உங்களுக்குத் தூசி வராது.

அண்ணியிடம் மட்டும் இதைப் படித்துக் காட்டுங்கள். இந்த மனையில் ஒரு குடித்தனம்தான். அடுப்பும் ஒன்றுதான். அதில் நான் சமைப்பேன். சம்மதம் என்றால் அண்ணியே தன் கையால் எனக்கு ஒரு வரி எழுதட்டும். விலாசத்தில் உங்கள் பேர் வேண்டாம், தபால்காரருக்கு என் பேர் தெரியும்.

பாலாமணி
மனை எண் 17