உப்புக்குச் சேதாரம் இல்லை

நல்லூர், திருப்பூர்
14.7.1997

அன்புள்ள அம்மிணி வள்ளியாத்தாளுக்கு,

அண்ணன் கிட்டுசாமி எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி தணிந்திருக்கிறது. பாப்பாவுக்குத் தை மாதம் காதுகுத்து வைத்திருக்கிறோம். உன் அண்ணி குழந்தையம்மாள் இப்போதே சீர்த்தட்டுகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாள். நீயோ ஆராய்ச்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறாய். சாப்பிட்டாயா என்பதை மட்டும் எழுதுவதில்லை.

ஒரு வழக்கு விஷயம். நொய்யல் ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகள், தங்கள் கிணறுகள் உப்பாகிவிட்டன என்று சாயப்பட்டறைக்காரர்கள் மீது தடை கோரி வழக்குத் தொடுத்துள்ளனர். பட்டறைகளுக்குத் தலைவர் உன் அண்ணியின் அண்ணன் ஆறுச்சாமி மச்சான்; வழக்கறிஞர் நான். முதல் வாதி மாரப்பன், உன்னுடன் பள்ளியில் படித்த மருதாளின் கணவர்.

மண்ணிலும் கிணற்றிலும் உப்பு எவ்வாறு நகரும் என்று கம்ப்யூட்டரில் கணிக்கும் பகுதியொன்றை நீ எழுதியிருப்பதாகவும், அதை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம் என்றும் முன்பு எழுதியிருந்தாய். எங்கள் தரப்பு நிபுணருக்கு அது கிடைக்குமா?

அன்புடன்,
கிட்டுசாமி

பிரிஸ்பேன்
1.8.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

சாப்பிட்டேன். ரசம் வைத்தேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

நான் எழுதிய பகுதியைப் பிளாப்பியில் பதிந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான் செய்தது நம் ஊருக்கே பயன்படப் போகிறது என்பதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. நிபுணருக்கு ஒன்று சொல்லிவிடுங்கள். இங்கே எவரும் கம்ப்யூட்டர் கணிப்பு மாதிரி ஒன்றை முழுதாகச் செய்வதில்லை. மழைக்கு ஒருவர், பயிருக்கு ஒருவர், மண்ணுக்குள் நீர் இறங்குவதற்கு ஒருவர் என்று தனித்தனிக் கூறுகளாக எழுதுகிறோம். ஒவ்வொன்றையும் கழற்றி வேறொரு நாட்டின் மாதிரியில் பொருத்தலாம். பனியனுக்கு நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் ஓரிடம் என்று நம் ஊரில் ஜாப் ஒர்க் நடப்பதைப் போலத்தான்.

துணியை நாம் எடை போட்டுக் கொடுத்து எடை போட்டு வாங்குவோம் அல்லவா? என் கூறும் அப்படியே. உள்ளே வந்த உப்பும், வெளியே போனதும் தங்கியதும் சேர்ந்த உப்பும் ஒவ்வாவிட்டால் நின்றுவிடும். விடை தராது. அந்த வழக்கத்தை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்கவில்லை, நம் காதர்பேட்டை பனியன் கடைகளில் பார்த்தது.

பாப்பாவுக்கு முத்தம்.
வள்ளி

நல்லூர்
18.9.1997

அன்புள்ள அம்மிணி,

மச்சானின் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். உன் கூறு முதலில் மிகவும் சண்டித்தனம் செய்தது. துணியில் சாயம் பிடிப்பதற்காகப் பட்டறைகள் வாங்கிய உப்பும், ஆற்றில் விட்டதாகக் கணக்குக் காட்டிய உப்பும் ஒவ்வவில்லை என்று நின்றேவிட்டது. மச்சான்தான் தெளிவுபடுத்தினார்: "துணி சாயத்துக்குப் போனா எடை கொறஞ்சுதானுங்க வரும். ஈரம் போகும், பஞ்சு போகும். உப்புக்கு மட்டும் சேதாரம் இருக்காதுங்களா?" நிபுணர், கணக்கில் வராத உப்பைச் சேதாரம் என்று கழிக்கும் ஒரு வரியைச் சேர்த்தார். அதன்பின் தடையின்றி ஓடியது. மாரப்பனின் கிணற்று நீர் பாசனத்துக்கு ஏற்றது என்று முடிவும் வந்திருக்கிறது.

பிரமாணப் பத்திர வரைவு இணைத்துள்ளேன். அக்கூறு உன்னால் எழுதப்பட்டது, பல நாடுகளில் சோதிக்கப்பட்டது, அறிஞர்களால் ஏற்கப்பட்டது. இவ்வளவே. ஒவ்வொரு வாக்கியத்தையும் சரிபார்த்திருக்கிறேன். கையொப்பமிட்டு அனுப்பவும்.

அன்புடன்,
கிட்டுசாமி

பிரிஸ்பேன்
3.10.1997

அண்ணா,

உங்கள் வரைவில் ஒரு பொய்கூட இல்லை. அதனால்தான் கையெழுத்திட மறுக்கிறேன். உண்மையான வாக்கியங்களை வரிசையாக அடுக்கி, அதன்மேல் ஒரு பொய்யை உட்கார வைத்திருக்கிறீர்கள்.

பஞ்சு பறந்தால் தரையில் கூட்டி எடுக்கலாம். ஈரம் காற்றோடு போகும். உப்பு எங்கே அண்ணா போகும்? அது எரியாது, ஆவியாகாது. பட்டறையில் வாங்கிக் கொட்டிய உப்பு ஆற்றில் இருக்கிறது, மண்ணில் இருக்கிறது, இல்லையென்றால் மாரப்பனின் கிணற்றில் இருக்கிறது. என் கூறு சண்டித்தனம் செய்யவில்லை. எதற்காக அதைச் செய்தேனோ அந்த வேலையைச் செய்தது.

யாரும் எடுத்தாளலாம் என்று நான் சொன்னது உண்மை. திருத்தவும் உரிமை உண்டு. திருத்தியதை என் பெயரில் விற்க உரிமை இல்லை. நிபுணரின் அந்த அறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். இல்லாவிட்டால் மாரப்பன் தரப்புச் சாட்சியாக நானே வந்து கூண்டில் ஏறுவேன்.

வள்ளி

நல்லூர்
20.10.1997

வள்ளியாத்தாளுக்கு,

உன் கடிதம் உணர்ச்சியில் எழுதப்பட்டதாகக் கருதி, அதை வழக்குக் கட்டில் சேர்க்காமல் வைத்திருக்கிறேன். பிரமாணப் பத்திரம் தர வேண்டாம். மௌனமாக இரு, மௌனம் எந்தச் சட்டத்திலும் குற்றமாகாது.

நீ வரக்கூடும் என்று மச்சானிடம் தெரிவிப்பது என் கடமையாயிற்று. வீட்டுக்கு வந்து, காப்பியைத் தொடாமல், உன் அண்ணி முன்னிலையில் சொன்னார்: "உங்க தங்கச்சி கோர்ட்டுப் படி ஏறுனா, பாப்பா காதுகுத்துக்கு எம் மடி கெடையாதுங்க மாப்பளே. சீருங் கெடையாது. சனங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க."

தாய்மாமன் மடியில் உட்காராமல் நம் குடும்பத்தில் எந்தக் குழந்தைக்கும் காது குத்தியதில்லை. அம்மா அழுதுகொண்டிருக்கிறாள். ஒரு கணக்கு வரிக்காக இத்தனையும் தேவையா என்று யோசித்து எழுது.

கிட்டுசாமி

பிரிஸ்பேன்
4.11.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

யோசித்தேன். தை மாதம் சாட்சி சொல்ல வருகிறேன்.

நீங்களே என்னைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள். அந்த வேலையை வேறு வக்கீலிடம் விடாதீர்கள். உங்கள் அளவுக்குக் கேள்வி கேட்க அவர்களுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். பிறகு நான் ஒன்றே ஒன்று கேட்பேன். சாட்சி கேள்வி கேட்கக்கூடாது என்று நீதிபதி தடுத்தாலும் கேட்பேன்: உப்பு எங்கே?

பாப்பாவின் காதுக்கு என்னால் இடைஞ்சல் வந்ததில் வருத்தம்தான். ஆனால் அந்த மடியைப் பறிப்பது நானில்லை. நம் வீட்டில் தங்க முடியாது என்று புரிந்துகொள்கிறேன். மருதாள் அவள் வீட்டுக்கு வரச் சொல்லி எழுதியிருக்கிறாள். குடிதண்ணீர் மட்டும் லாரியில் வர வேண்டுமாம்.

வள்ளி

நல்லூர்
24.11.1997

அன்புள்ள அம்மிணி,

கட்சிக்காரர் என்ற முறையில் மச்சான் என்னிடம் தனியே சொன்ன எதையும் எழுத மாட்டேன். ஆனால் காதர்பேட்டையில் அவரது பனியன் கடையில், வெளியூர் வியாபாரிகள் நிறைந்திருக்கையில் உரக்கச் சொன்னதற்கு ரகசியப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே எழுதுகிறேன்.

உன்னிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். அப்போது முதலிபாளையத்திலிருந்து தைத்து வந்த பனியன் மூட்டையைத் தராசில் ஏற்றி, ஜாப் ஒர்க்காரரை நிறுத்தி வைத்து விளாசிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கிலோ கொறையுதல்லோ, எங்கீங்க போச்சு?"

"வெட்டுல சேதாரமுங்க."

"சேதாரம்னா அந்தக் கழிவுத்துணிய மூட்டை கட்டிக் கொண்டாந்து காட்டோணுமல்லோ? பறந்தா போயிரும்? எங்கியாச்சும் கெடக்கோணுமல்லோ!"

நான் கேட்டேன், "உப்பையும் அப்படித்தானுங்களே மச்சான் கேப்பாங்க? அது எங்க கெடக்குதுன்னு சொல்றது?"

"அதச் சொல்றதுக்குத்தானுங்க மாப்பளே உங்கள வெச்சிருக்கறது!" என்றார். கடை முழுவதும் சிரித்தது. ஜாப் ஒர்க்காரரும் சிரித்தார்.

"அப்ப வேற வக்கீலப் பாத்துக்குங்க" என்றேன். கடையை விட்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் வக்காலத்திலிருந்து விலக நீதிமன்ற அனுமதி கோரினேன், கிடைத்துவிட்டது. வாதிகள் தரப்பில் நான் ஆஜராக இயலாது. தொழில் நெறி அனுமதிக்காது. எனவே உன் சாட்சியத்தைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்காதே, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் எதிர்த்தரப்புச் சாட்சிக்குச் சோறு போடக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் நான் படித்ததில்லை. கோவை விமான நிலையத்துக்கு நானே வருவேன். நம் வீட்டில்தான் தங்குகிறாய். யார் கேட்டாலும் பதில் சொல்ல இந்த அண்ணன் இருக்கிறேன்.

மச்சான் சீர் இல்லையென்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். காதுகுத்தைத் தள்ளி வைக்கலாமா என்று தயங்கியபடி உன் அண்ணியிடம் கேட்டேன். என்ன இருந்தாலும் மச்சான் அவளுடன் கூடப்பிறந்தவர். அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "எதுக்குங்க தள்ளி வெக்கறது? எங்கண்ணன் மடி இல்லீன்னா காது ஓட்டையாகாதுங்களா? அத்தை வருதல்லோ, அது மடியில உக்காரட்டும். பேசறவிய பேசிட்டு, பந்தியில சாப்பிட்டுட்டுத்தான் போவாங்க."

அழைப்பிதழில் மடி கொடுப்பவர் என்று உன் பெயரைப் போட்டு அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். மச்சானுக்கும் முறைப்படி ஒன்று அனுப்புவேன்.

நல்ல புடவையாகக் கொண்டு வா.

உன் அண்ணன்,
கிட்டுசாமி