அண்ணனுக்கு அனுப்பும் உதவாத பழங்கள்

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை கிகுனோ வணங்கி எழுதுவது.

இங்கே மலை உச்சியில் முதல் பனி விழுந்துவிட்டது. ஹகோதாதேயில் கடல்காற்று இன்னும் மோசமாக இருக்கும். துறைமுகத்துக்குப் போகும்போது கழுத்தில் துணி சுற்றிக்கொள்கிறீர்களா? அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? முள்ளங்கி ஊறுகாய் போட்டாயிற்றா?

இந்தக் கடிதம் பெட்டிக்கு அடியில், உமிக்குள் கிடந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பீர்கள். உங்கள் மாப்பிள்ளை படிக்காத கடிதம் எதுவும் இந்த வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. ஆனால் பெட்டியில் உமியைப் பரப்பி ஆப்பிளை அடுக்குவது என் வேலை. மேலே ஆணி அடிப்பதுதான் அவர் வேலை. அதனால் இந்த வழி.

பழம் எப்படி இருக்கிறது என்று நீங்களே பார்க்கிறீர்கள். இந்த வருஷத்து அறுவடையில் இதைவிட நல்ல பழம் இல்லை. அவரே கிடங்கில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்துப் பொறுக்கினார். பிறகு பெட்டியோடு வரும் சீட்டில், "ஒன்றுக்கும் உதவாத பழம், மாட்டுக்காவது போடுங்கள்" என்று அழகான கையெழுத்தில் எழுதினார். சீட்டைப் பார்த்து நீங்கள் மாட்டுக்குப் போடப் போவதில்லை. உதவாதது என்று எழுதியிருந்தால் பிரித்துப் பார்க்காமலே வாயில் எச்சில் ஊறுகிற ஆட்கள் நாம்.

எங்கள் கிடங்கில் இந்த வார்த்தைகள் படும் பாட்டை நீங்கள் கேட்க வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரரிடம் பழம் வாங்க விலை பேசும்போது உங்கள் மாப்பிள்ளை, "எல்லாம் சொத்தை, முகத்துல முழிக்க முடியல" என்பார். மறுநாள் வியாபாரி வந்தால் அதே பழம், "லேசா வெயில் பட்டது, ருசி தனி" ஆகிவிடும். எனக்குச் சிரிப்பு வரும். சொல்லும் ஆளையும் கேட்கும் ஆளையும் பார்த்துத்தான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்று ஆறு வருஷத்தில் கற்றுக்கொண்டேன்.

என் விஷயத்தில்தான் அது யாருக்கும் புரியவில்லை, அண்ணா.

போன வசந்தத்தில் நீங்கள் வந்தது ஞாபகம் இருக்கிறதா? நான் உங்கள் கோப்பைகளில் சாக்கே மது ஊற்றிக்கொண்டு நின்றேன். அவர் தலை குனிந்து, "இந்த ஒண்ணுக்கும் ஒதவாதத எங்க தலையில கட்டிட்டீங்களே மச்சான், திரும்பக் கூட்டிட்டுப் போயிடுங்களேன்" என்றார். நீங்கள் முறைப்படி கையை ஆட்டிச் சிரித்தீர்கள். "ஐயோ மாப்ள, எங்க வீட்டுலயும் அது ஒதவாக்கரைதான். இங்க வந்துதான் மனுஷியாச்சு. நீங்களே வச்சுக்கங்க" என்றீர்கள். நானும் பாய்மேல் நெற்றி பட வணங்கி, "ஆமாம், ஒதவாதவதான்" என்றேன். எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டோம். உங்கள்மேல் குற்றம் இல்லை.

உங்களை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும் வழியில் அவர் சொன்னார், "கேட்டியாடி? ஒங்க அண்ணனே ஒத்துக்கிட்டான். இனிமே நீ எங்க போவ?" அந்த வார்த்தையை அவர் விருந்தாளி முன்னால் சொல்வது ஒரு விதம். விருந்தாளி போன பிறகு சொல்வது வேறு விதம். இரண்டாவதைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

என் இடது கை மோதிர விரல் இப்போது மடங்குவதில்லை. ஆகஸ்டில் கிடங்குக் கதவில் நசுங்கியது என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறோம். நீங்கள் பயப்பட வேண்டாம், பழம் அடுக்க முடிகிறது.

விரல் கட்டோடு, மழையில், நம் கல்யாணத் தரகர் நோஸாகி அம்மாவிடம் போனேன். வீட்டுக்காரர் என்னை இப்படிச் சொல்கிறார், அப்படிச் சொல்கிறார் என்று அழுதேன். அந்த அம்மா டீ ஊற்றிக் கொடுத்துச் சிரித்தார். "அட பைத்தியமே, எங்க வீட்டுக்காரரு என்னைய நாலு பேரு முன்னால அழுகல்னே சொல்லுவாரு. பொண்டாட்டிய வெளியில புகழ்றவனத்தான் நம்பக் கூடாது." விரலைக் காட்டினேன். "கதவுகிட்ட கவனமா இரும்மா" என்றார். பிறகு கையைப் பிடித்து எங்கள் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார். உங்கள் மாப்பிள்ளை வணங்கி, "இந்த ஒதவாததால ஒங்களுக்கு எவ்வளவு சிரமம்!" என்றார். அந்த அம்மா, "தங்கமான பொண்ணு கன்ஜிரோ, தங்கம்!" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

புகழ்ந்து புகழ்ந்தே என்னை உள்ளே தள்ளுகிறார்கள், அண்ணா. நம் அம்மாவுக்கு எழுதினாலும் அதையேதான் சொல்வார். எனக்குப் பயமாக இருக்கிறது. வெளியே பனி மூடிவிட்டால் மார்ச் வரை இந்த வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள்.

நவம்பர் இருபதாம் தேதி மாமனாரின் ஏழாம் வருஷ நினைவுச் சடங்கு. உங்களுக்கு அழைப்பு வந்திருக்கும். துறைமுகத்தில் லீவு கிடைக்காவிட்டாலும் எப்படியாவது வந்துவிடுங்கள். பூசாரி வருவார், நோஸாகி அம்மா வருவார், சொந்தக்காரர்கள் முப்பது பேர் இருப்பார்கள். சாப்பாடு முடிந்ததும் உங்கள் மாப்பிள்ளை உங்கள் முன்னால் வந்து மண்டியிட்டு உங்கள் கோப்பையை நிரப்புவார். நிரப்பிவிட்டு, திரும்பக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று வசந்தத்தில் சொன்ன அதையே சொல்வார். சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. சொல்லாவிட்டால் மரியாதை தெரியாதவர் என்று ஊர் பேசும்.

அப்போது நீங்கள் சிரிக்காதீர்கள். கையை ஆட்டாதீர்கள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சரி மாப்பிள்ளை, கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். முப்பது பேர் முன்னால் சொன்னதை, பூசாரி கேட்டதை, அவர் எப்படித் திரும்ப வாங்குவார்? வாங்க வேண்டுமானால், "இல்லை, இவள் நல்லவள்" என்று அவர் வாயால் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல அவருக்கு நாக்கு வராது. எனக்குத் தெரியும்.

நம் ஊரில் யாரும் செய்யாத அவமரியாதையைச் செய்யச் சொல்கிறேன் என்று தெரிகிறது. உங்கள் தலை குனியும். அண்ணிக்கும் சங்கடம். என்னை மன்னியுங்கள். எனக்குக் குழந்தை இல்லை, சாமான் எதுவும் வேண்டாம். அன்று காலையிலேயே சடங்கு உடைக்குள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பேன். நான்கு மணி ரயிலைப் பிடித்தால் ஹகோதாதேக்கு இரவுக் கப்பல் கிடைக்கும்.

கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள். பழத்தை அண்ணிக்கு நறுக்கிக் கொடுங்கள். நல்ல பழம், வீணாக்க வேண்டாம். நீங்களும் அண்ணியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான். அன்று ஒரு நாள் மட்டும், அண்ணா, என்னை நல்லவள் என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் உதவாத தங்கை,
கிகுனோ