லூர்துவைப் படிக்க வைக்கிற வழி

ஜூன் 3, சனி

வெயில். காற்றே இல்லை. எருமைக்குக்கூட வாலை ஆட்டச் சோம்பல்.

இது உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. கொடுத்தது என் வீட்டுக்காரருக்கு. ஜனவரியில் நாலைந்து நாள் எழுதியிருக்கிறார். விதை வாங்கியது, ஆள் வராதது, மழை இல்லை. அப்புறம் வெறும் தாள். மார்ச்சில், தவக்காலத்தில் அவருக்கு நெஞ்சு வலி, கம்பைநல்லூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நல்ல தாளாக இருக்கிறதே என்று நான் எழுதுகிறேன். படிப்பு ஐந்தாவது வரை. தப்பு இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்.

இன்று மகள் லூர்து மேரிக்கு பிளஸ் டூ ரிசல்ட். (இனிமேல் லூ. கை வலிக்கிறது.) பள்ளிக்கூடத்திலேயே முதல். கணக்கில் முழு மார்க். அப்பனைப் புதைத்த மறுவாரம் பரீட்சைக்குப் போனவள்.

பக்கத்துத் தோட்டத்து மாதம்மா ஓடி வந்தாள். "சகாயக்கா! மொவ இந்த மார்க்கு வாங்கியிருக்குது, நீ என்னா குந்திக்கிட்டுக் கல்லு பொறுக்கற?"

"மார்க்கு வாங்கிட்டான்னு அரிசியில இருக்கற கல்லு எந்திரிச்சுப் போயிருமா?" என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வாய் அது பாட்டுக்குச் சிரிக்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. சந்தோஷமும் இல்லை, அழுகையும் இல்லை. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடக்கிற மாதிரி.

சாயங்காலம் கணக்கு டீச்சர் வீட்டுக்கே வந்தார். "இந்தப் புள்ளைய வூட்டோட நிறுத்திறாதீங்கம்மா. நல்ல மார்க் வாங்கினவங்களுக்கு ஸ்காலர்ஷிப் இருக்குது. தேடணும்."

எங்கே தேட? காணாமல் போன ஆட்டையாவது பேர் சொல்லிக் கூப்பிடலாம். கிணறு வற்றி இரண்டு வருஷம். கடலைக்காய் இந்தத் தடவையும் பொக்கு. நானாகக் காலேஜில் சேர்க்க வழியில்லை.

ஜூன் 6, செவ்வாய்

மேகம். பெய்யவில்லை.

லூ.வைக் கூட்டிக்கொண்டு தர்மபுரி. எங்கள் ஜாதிச் சங்கத்தில் முதல் மார்க் பிள்ளைகளுக்கு உதவுகிறார்கள் என்று டீச்சர் சொன்னார். பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். வழியெல்லாம் லூ. பேசவில்லை. அப்பன் மாதிரி. கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

சங்கத்துப் பெரியவர் மார்க்கைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "அருமையா வாங்கியிருக்குதுங்க கொழந்த." அப்புறம் பேரைப் பார்த்தார். லூர்து மேரி. "நீங்க வேதக்காரங்களா?"

"ஆமாங்க. எங்க மாமனாருக்குத் தாத்தா காலத்துலேயே."

"அதாங்க சிக்கல். குலசாமி கும்பிடறவங்களுக்குத்தான் இது."

"பக்கத்துக் காட்டுக்காரரு எங்க பங்காளிதாங்க. ஒரே வரப்பு. அவரு அந்தப் பக்கம் நின்னு மாரியாத்தாள கும்பிடறாரு, நாங்க இந்தப் பக்கம் நின்னு மாதாவ கும்பிடறோம். மழை ரெண்டு பக்கமும்தான் பெய்ய மாட்டேங்குது."

விழுந்து விழுந்து சிரித்தார். காப்பி வாங்கித் தந்தார். பணம் கிடையாது.

வரும்போது லூ. கேட்டாள், "எதுக்கும்மா எல்லாரையும் சிரிக்க வெக்கற?"

ஜூன் 8, வியாழன்

எங்கள் கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரைப் பார்த்தேன். கோயமுத்தூரில் சிஸ்டர்கள் நடத்துகிற காலேஜ் ஒன்று. ஏழைக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை, நல்ல மார்க், ஒரே ஒரு பிள்ளைக்கு மூன்று வருஷமும் ஹாஸ்டல் சாப்பாட்டோடு படிப்பு. அவரே எழுதித் தந்தார். போட்டோ கேட்டார். மொரப்பூர் ஸ்டூடியோவில் எடுத்தோம். இரட்டை ஜடை, ரிப்பன். போட்டோக்காரர் "சிரிம்மா" என்று எத்தனை தடவை சொன்னாலும் லூ. சிரிக்கவில்லை. நான் பின்னால் நின்று மூக்கைச் சுருக்கிக் காட்டினேன். அப்போதும் இல்லை.

வாங்க வேண்டியது: விளக்குத்திரி, உப்பு, தாம்புக்கயிறு.

ஜூன் 11, ஞாயிறு

பூசை முடிந்ததும் கொழுந்தன் இன்னாசி பிடித்துக்கொண்டார்.

"அண்ணி, வர்ற செவ்வாய்க்கிழமை அந்தோணியார் திருநாள். அண்ணன் வேண்டுதல் என்னாச்சு?"

விஷயம் இது. ஜனவரியில் ஒரு செவ்வாய் நவநாள் ஜெபத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, ஊரே கேட்க, "எம் பொண்ணு மொத மார்க்கு வாங்கினா அவ முடிய உமக்குத் தர்றேன் அந்தோணியாரே" என்று சொல்லிவிட்டார். வாயே திறக்காத மனுஷன். திறந்தால் இப்படி.

"அவருதான் இல்லையே," என்றேன்.

"இல்லாததாலதான் சொல்றேன். உசுரோட இருந்தா அடுத்த வருஷம்னு தவணை சொல்லலாம். செத்தவன் கடமை பாக்கி இருந்தா உத்தரிக்கிற ஸ்தலத்துல ஆத்துமா வேகும்."

சாமியார் கேட்டுக்கொண்டு வந்தார். "இன்னாசி, அந்தோணியாருக்கு முடியை வெச்சு என்னய்யா வேலை? மெழுகுத்திரி ஏத்தச் சொல்லு போதும்."

"அது உங்க புஸ்தகத்துல இருக்குங்க சாமி. ஊருல இப்பிடித்தான்."

நான் சொன்னேன், "கொழுந்தனாரே, அந்தோணியாருக்கே நடுமண்டையில முடி இல்ல. பாவம், வேணும்னுதான் எல்லார்கிட்டயும் கேக்கறாரு போல." சாமியார் சிரித்துவிட்டார். இன்னாசி சிரிக்கவில்லை.

லூ. ஒதுங்கி நின்றவள் சொன்னாள். "அப்பா சொன்னதுதானே. எடுத்துக்குங்க சித்தப்பா."

ஜூன் 13, செவ்வாய்

திருநாள். காலையில் தூறல், அப்புறம் சுள்ளென்று வெயில்.

கோயில் வேப்பமரத்தடியில் வரிசை. எல்லாம் கைக்குழந்தைகள், வீல் வீலென்று அழுகை. நடுவில் என் மகள். மழிக்கிறவர், "ஏம் பாப்பா, நிஜமாலுமா?" என்று கேட்டார். தலையை ஆட்டினாள். மடியில் முடி விழ விழ நான் சேலையில் வாங்கிக்கொண்டேன். கனமாக இருந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் ஒரு குழந்தை லூ.வைப் பார்த்து அழுகையை நிறுத்திவிட்டது.

சந்தனம் பூசிய தலையோடு தேருக்குப் பின்னால் நடந்தோம். உப்பும் மிளகும் எறிந்தோம்.

சாம்பார் தீர்ந்துவிட்டது என்று அன்னதானப் பந்தியில் சண்டை.

ஜூன் 15, வியாழன்

கோயமுத்தூரிலிருந்து கார்டு. 20ஆம் தேதி இன்டர்வியூ, பிள்ளை நேரில் வர வேண்டும். லூ. இரண்டு தடவை படித்தாள். உள்ளே போய்க் கண்ணாடியைத் திருப்பி வைத்தாள்.

"நான் போவல."

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். முலாம்பழம் என்றேன். பேன் எல்லாம் வீடில்லாமல் என் தலைக்குக் குடிவந்துவிட்டது என்றேன். அசையவில்லை.

மாதம்மாதான் வழி சொன்னாள். "உங்க கோயில்ல பொண்ணுங்க போடுமே வெள்ள முக்காடு, அத போட்டுக்கட்டும்." மாதா சபை முக்காடு. நெற்றி வரை இறக்கி இரண்டு ஊசி குத்தினால் தெரியாது. போட்டுப் பார்த்தாள். சரி என்றாள்.

ஜூன் 20, செவ்வாய்

கோயமுத்தூர். இரயிலில் நின்று கால் வீக்கம்.

கேட்டில் வாட்ச்மேன் லூ.வை மேலும் கீழும் பார்த்தார். மொட்டை தெரியாவிட்டாலும் முக்காட்டுக்கடியில் ஒன்றும் புடைக்கவில்லையே, ஜடையும் இல்லை. "மடத்துல சேர வந்த பொண்ணுங்களா? இது காலேஜுங்க. மடம் அந்தப் பக்கம்." நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அழைத்துக்கொண்டுபோய் மடத்து ஹாலில் உட்கார வைத்துவிட்டார். நாங்களும் இதுதான் இடம் என்று உட்கார்ந்துவிட்டோம். சுவரெல்லாம் புனிதர் படம். ஒரு சிஸ்டர் தண்ணீர் கொடுத்து, "எப்பம்மா இந்த அழைத்தல் வந்துச்சு?" என்றார்.

"வியாழக்கிழமைங்க. கார்டுல," என்றேன்.

சிஸ்டர் முழித்தார். சாமி மடத்துக்குக் கூப்பிடுவதைத்தான் கேட்டிருக்கிறார் என்று அப்புறம்தான் புரிந்தது. அவர் பேர் சிஸ்டர் பெல்சியா. சின்ன வயசு, தெத்துப்பல். எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு காலேஜுக்கு ஓடினார். அவர் ஓட்டத்துக்கு என்னால் முடியவில்லை.

பெஞ்சில் இன்னும் ஒரே ஒரு பிள்ளை. சத்தியமங்கலம் பக்கம். அதன் அம்மா செங்கல் சூளையில் வேலை, உள்ளங்கை எல்லாம் வெடிப்பு. கொண்டுபோன புளிச்சோற்றை நாலு பேரும் தின்றோம். "ரெண்டு பேருல ஒருத்திதானாம். ஜடை இருக்கறவளுக்குன்னு சொல்லிட்டாங்கன்னா எம் மவ போச்சு," என்றேன். அந்தம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

உள்ளே பெரிய மதர். போட்டோவைப் பார்த்தார், லூ.வைப் பார்த்தார். முக்காட்டை எடுக்கச் சொன்னார்.

"யாருக்கு வேண்டுதல்மா?"

"எனக்குத்தாங்க மதர். அப்பா வேண்டினாரு. இப்ப அப்பா இல்ல."

மதர் ஒரு கணக்குக் கொடுத்தார். லூ. போட்டாள். இன்னொன்று. போட்டாள். மூன்றாவதில் மதரே தப்பு விட்டு இரண்டு பேரும் சேர்ந்து திருத்தினார்கள். முக்காடு மேஜைமேலேயே கிடந்தது.

சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னார்கள். இடம் அந்தப் பிள்ளைக்கு. மார்க்கில் நம்மவள்தான் மேலே. ஆனால் நிலம் இல்லாதவர்களுக்கு முதலில் என்று விதி. எங்களுக்கு நிலம் இருக்கிறது. வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற நிலம். பேப்பரில் அது நிலம்தான்.

சத்தியமங்கலத்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெடித்த கை, சொரசொரவென்று. "விடு தாயி, நாளைக்கு எருமைக்குத் தண்ணி காட்டணும்," என்றேன். கோபம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

கேட் வரைக்கும் சிஸ்டர் பெல்சியா வந்தார். "அம்மா, ஒண்ணு சொல்றேன். மடத்துல சேர்ற பிள்ளைங்கள நாங்களே இதே காலேஜ்ல படிக்க வைக்கிறோம். இப்ப பதில் வேணாம். வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணிப் பாருங்க."

"இவளா? சிஸ்டர், ஜெபமாலையில ரெண்டாவது பத்து மணிய உருட்டறதுக்குள்ள தூங்கிருவா."

"நானும் தூங்குவேன்மா," என்றார் சிஸ்டர்.

லூ. ஒன்றே ஒன்று கேட்டாள். "கணக்கு எடுத்துப் படிக்கலாங்களா சிஸ்டர்?"

"எம்.எஸ்ஸி. வரைக்கும்."

ஜூன் 21, புதன்

ஒன்றும் இல்லை. பால் குறைவு.

ஜூன் 25, ஞாயிறு

காற்று. புழுதி. துணி எல்லாம் செம்மண்.

காட்டு வரப்பில் புல் அறுக்கும்போது கேட்டேன். அவள் முகம் தெரியாத பக்கம் உட்கார்ந்து கேட்டேன்.

"மடம் உனக்குப் புடிச்சிருக்குதா?"

"தெரியலம்மா."

"கண்ணாலம் கட்டிக்க ஆசையா?"

"அதுவும் தெரியல."

"பின்ன என்னாதான்டி தெரியும் உனக்கு?"

அறுத்த புல்லைத் தட்டி வைத்தாள். "இங்கயே இருந்தா சித்தப்பா தை மாசத்துக்குள்ள யாருக்காவது கட்டி வெச்சிருவாரு. அது தெரியும். கணக்கு தெரியும்."

"நடுவுல வேணாம்னு தோணுச்சுன்னா?"

"கடைசி வார்த்தைப்பாடுன்னு சத்தியம் குடுக்கறதுக்கு முன்னால வந்துரலாமாம். சிஸ்டர்கிட்ட கேட்டேன்."

எப்போது கேட்டாள்? நான் பக்கத்திலேயே இருந்தேனே.

"வந்தா வா. வரலன்னா அங்க இரு," என்றேன். என் குரல் மாதிரியே இல்லை. மழை வருது என்று காட்டிலிருந்து ஆள் கூப்பிடுகிற குரல் மாதிரி இருந்தது. அப்புறம் இரண்டு பேரும் கட்டுக் கட்டினோம். என் கட்டு அவிழ்ந்து அவிழ்ந்து போனது. அவள்தான் கட்டித் தந்தாள்.

இன்னாசிக்கு விஷயம் தெரிந்ததும் துள்ளல். "நம்ம வூட்டுல ஒரு கன்னியாஸ்திரி! அண்ணன் ஆத்துமா கரையேறிருச்சு அண்ணி!"

"அப்பிடின்னா உங்க மூத்தவளையும் அனுப்புங்க கொழுந்தனாரே. உங்க ஆத்துமாவுக்கு இப்பவே எடம் புடிச்சு வெச்சிரலாம்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

ஜூன் 29, வியாழன்

மடத்திலிருந்து எழுதி வந்தது. கொண்டுவர வேண்டியது: வெள்ளைப் பாவாடை 3, தாவணி 3, தட்டு, டம்ளர், போர்வை, வேத புத்தகம், ஜெபமாலை. கம்மல் கூடாது. பூ கூடாது.

மாதம்மா: "என்னாக்கா, பொண்ணு பாக்க வந்தாங்களாமே? எந்தூரு?"

"கோயமுத்தூரு. பெரிய எடம். வரதட்சணையே கேக்கல. ஒரு போர்வ போதுங்கறாங்க."

நம்பிவிட்டாள். அப்புறம் சொன்னேன். அவள் உட்கார்ந்து அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். என் மகளுக்கு அவள் அழுகிறாள். நான் சொம்பைக் கழுவி வைக்கிறேன்.

ஜூலை 1, சனி

இரண்டு தாவணிக்கு ஓரம் அடித்தேன். தட்டில் பேர் வெட்டினோம். கம்மலைக் கழற்றினாள். மழை இன்றும் ஏமாற்று.

ஜூலை 5, புதன்

மொரப்பூர் ஸ்டேஷன். வண்டி லேட். சிஸ்டர் பெல்சியா முந்தின நாளே வந்து சாமியார் பங்களாவில் தங்கி, தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் இரண்டு பேரோடு நின்றார். அந்தப் பிள்ளைகளின் வீட்டார் ஒரே அழுகை. ஒருத்தி அப்பா துண்டைக் கடித்துக்கொண்டு நின்றார். இன்னாசிகூடக் கண்ணைத் துடைத்தார். கணக்கு டீச்சர் வந்தார், பேனா கொடுத்தார். மாதம்மா முறுக்கு.

நான் டிரங்குப் பெட்டி பத்திரம், ஜன்னலில் கை வைக்காதே, தண்ணீர் பார்த்துக் குடி. இதையே திருப்பித் திருப்பி.

வண்டி வந்தது. ஏறினாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. முக்காடு இல்லை. தலையில் கட்டை கட்டையாக முடி முளைத்திருக்கிறது, முள்ளம்பன்றி மாதிரி. எதிர் சீட்டுக் குழந்தை அவளையே பார்த்தது.

வண்டி நகரும்போது லூ. வெளியே தலையை நீட்டினாள். எப்போதும் பேசாதவள். எல்லோரும் கேட்கச் சத்தமாகச் சொன்னாள்:

"அம்மா! அப்பாகிட்ட சொல்லிரு, அடுத்த தடவ வேண்டறப்ப அவரு மீசைய வேண்டிக்கச் சொல்லு!"

சிரித்தாள். பல் எல்லாம் தெரிய. போட்டோவுக்குக்கூடச் சிரிக்காதவள்.

பிளாட்பாரத்தில் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர், மாதம்மா, இன்னாசி கூட. பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டியது நான். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. வண்டிச் சத்தம் நின்றபிறகும் வாய் திறந்தபடியே இருந்தது.