அம்மாவின் மூக்குக்கண்ணாடி

அப்பாவுக்கு வணக்கத்துடன் மகன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

இந்த முதியோர் இல்லத்தில் நான் பார்த்துக்கொண்ட பெரியவர் நேற்று என் கையைப் பிடித்தபடியே போய்விட்டார். அவர் கண்ணை மூடிவிட்டு, அடுத்த கட்டில்காரருக்குச் சாப்பாடு ஊட்டப் போனேன்.

"உனக்கு மனசே கிடையாதாய்யா?" என்றாள் நர்ஸ்.

"எங்கப்பா வளர்ப்பு அப்படி" என்றேன். சிரித்துவிட்டாள்.

பற்றில்லாமல் கடமையைச் செய்யச் சொல்லியே வளர்த்தீர்கள். என் வேலை கெடக்கூடாதென்று, அம்மா போனதைக்கூடக் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னீர்கள். தம்பி கொள்ளி வைத்த நேரத்தில் நான் இங்கே யாரையோ குளிப்பாட்டிக்கொண்டிருந்திருப்பேன். அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அம்மாவின் மூக்குக்கண்ணாடியைத் தம்பி வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள், எனக்கு அனுப்புங்கள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. உங்களுக்கு முடியாமல் போனால் அன்றைக்கே என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். வேலை கெட்டால் கெடட்டும்.

உங்கள் மூத்தவன்