மம்சாபுரத்து டப்பா

அன்புள்ள அம்மாவுக்கு, சாம்சனின் ஸ்தோத்திரம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகமாக இருக்கிறேன்.

ராஜபாளையத்துப் பேண்டேஜ் துணி சாம்பிளோடு கிளம்பி ஒரு மாதம் ஆகிறது. சூரத்தில் நல்ல ஆர்டர் கிடைத்தது. நாக்பூரில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். கார், ஏசி ரூம் என்று போனில் சொன்னதெல்லாம் பொய், அம்மா. அன்ரிசர்வ்டு பெட்டியில் சாம்பிள் மூட்டைமேல் தலைவைத்துத்தான் போகிறேன்.

போன வாரம் ரயிலில், நம் ஊர்ப் பேச்சு பேசிய அக்கா ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். நான் கிடக்கும் கோலம் உங்கள் காதுக்கு வந்துவிடுமே என்று பயந்து, மெட்ராஸ் என்றேன். அவர் புளியோதரையை நீட்டியதும், "பொறவு சாப்பிடுதேன்க்கா" என்று வாய் உளறிவிட்டது.

இறங்கும்போது டப்பாவோடு கையில் திணித்தார். "மெட்ராஸ்காரவுக பொறவுன்னா சொல்லுதாக? ஊருக்கு வாரப்ப டப்பாவக் குடுங்க தம்பி" என்றார். கூனிக் குறுகிப் போனேன். அந்தச் சோற்றை இரண்டு நாள் வைத்துத் தின்றேன்.

டப்பாவில் பேர் வெட்டியிருக்கிறது: பாண்டிசெல்வி, மம்சாபுரம். நமக்குப் பக்கத்து ஊர்தான். போனில் சொல்ல வாய் வராமல் இந்தக் கடிதத்தை டப்பாவுக்குள் வைத்து அனுப்புகிறேன். வெறும் டப்பாவாகக் கொடுக்காதீர்கள், கொஞ்சம் பால்கோவா வைத்துக் கொடுங்கள்.

கூரியர்காரர் அவசரப்படுத்துகிறார். நான் எந்த ஊர்க்காரன் என்று அந்த அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சாம்சன்