ஜெர்மானிக் பக்கத்தில் உன் பெயர்

இன்று காலை, பக்கத்து சீட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் தன் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி, "அக்கா, இந்த ஜெர்மானிக் பக்கம் நீங்க எழுதினதா? செமையா இருக்கு" என்றாள். பத்து ஆங்கில வாக்கியங்கள். கீழே என் பெயர். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பத்தில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. எல்லாம் நீ எழுதியவை.

சேலையூரில் மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் இந்த ஆபீஸில் எனக்கு என்ன வேலை என்று என் மாமியாருக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு வெளிநாட்டு அகராதிக்காக, சொல்லுக்குப் பத்து ஆங்கில வாக்கியம். நான் எழுதுவேன், நீ சரிபார்த்து டிக் போடுவாய். டிக் விழுந்துவிட்டால் தப்பு எழுதியவருடையது இல்லை, டிக் போட்டவருடையது. அதுதான் ஆபீஸ் சட்டம். அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படிப்பாய். "உனக்கு யாருடீ டிகிரி கொடுத்தது?" என்று நீ கேட்காத நாள் கிடையாது. நானும் சளைக்காமல் வாயாடுவேன்.

ஜெர்மானிக் என்ற சொல் வந்த அன்று எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. ஜெர்மன் என்பதையே கொஞ்சம் கௌரவமாகச் சொல்வது என்று நினைத்துவிட்டேன். ஜெர்மானிக் கார், ஜெர்மானிக் கால்பந்து அணி, ஜெர்மானிக் பாஸ்போர்ட் என்று பத்தையும் அடித்துத் தள்ளினேன். நீ அன்று மத்தியானம்தான் வந்தாய். முகம் வெளிறியிருந்தது. வாய்விட்டுப் படிக்கவில்லை, பத்துக்கும் மளமளவென்று டிக் போட்டாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்காமல், அப்பாடா சீக்கிரம் முடிந்ததே என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுவாரம் அந்தப் பத்தும் தப்பு என்று அகராதிக்காரர்களிடமிருந்து புகார் வந்தது. மேனேஜர் சார் நம் இருவரையும் கூப்பிட்டார். என் தற்காலிக வேலை நிரந்தரமாக வேண்டிய வாரம் அது. நீ என் பக்கம் திரும்பவேயில்லை.

"டிக் என்னோடது சார். எழுதினவங்க மேல தப்பு இல்ல" என்றாய்.

நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். பத்தும் நான் தப்பாக எழுதியது, இவளுக்கு அன்று உடம்பு சரியில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. சரிபார்க்கும் வேலையிலிருந்து உன்னை எடுத்து, பட்டியல் அடிக்கப் போட்டார்கள்.

அந்த ஞாயிறு, சர்ச் முடிந்ததும் மாடம்பாக்கத்தில் உன் வீட்டுக்கு வரச் சொன்னாய். திட்டப்போகிறாய் என்றுதான் வந்தேன். நீ காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தாய். "ஜெர்மானிக் பாஸ்போர்ட்டாம்! அப்போ நம்ம கையில இருக்கறது என்னடீ, திராவிடப் பாஸ்போர்ட்டா?"

காருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஜெர்மன் என்றால் போதும். ஜெர்மானிக் என்பது ஒரு மொழிக் குடும்பத்துக்கும், அந்த மொழிகளைப் பேசிய பழைய இனங்களுக்கும் சொல்வது என்று விளக்கினாய். இங்கிலீஷே அந்த வீட்டுப் பிள்ளைதானாம். பிறகு பத்து வாக்கியத்தையும் நீயே எழுதி, என் பெயரில் அனுப்பச் சொன்னாய். ஒன்றில் உன் மகள்கூட இருந்தாள்: என் மகள் வீட்டில் தமிழும் பள்ளியில் ஒரு ஜெர்மானிக் மொழியும் பேசுகிறாள், ஆங்கிலம் அந்தக் குடும்பம் என்று அவளுக்குத் தெரியாது.

கிளம்பும்போதுதான் மேஜைமேல் ஸ்கேன் உறையைப் பார்த்தேன். நீ டிக் போட்ட அன்று காலையில்தான் அது கைக்கு வந்ததாம். ஆபீஸில் யாருக்கும் சொல்லாதே என்றாய். என் மௌனத்துக்கு அதையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன்.

ஏழு மாதத்தில் நீ போய்விட்டாய். அடக்கம் முடிந்து வந்தபோது உன் மகள் என் தோளில் சாய்ந்து, "அம்மா கடைசில வேலையிலகூட தப்பு பண்ண ஆரம்பிச்சுட்டாங்க ஆன்ட்டி. அவ்ளோ தடுமாறிப் போயிட்டாங்க" என்றாள். அப்போதும் நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தேன். அதற்கே நீ எழுந்து வந்து என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

இன்று சாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பக்கத்தில் உன் பெயரைப் போடச் சொன்னேன். மூணு வருஷம் கழிச்சு இதையெல்லாம் யாரும்மா பார்க்கப் போறாங்க என்றார்.

"அவ பொண்ணு பார்ப்பா சார்."

மாற்றிவிட்டார். சாயங்காலம் உன் மகளுக்குப் போன் போட்டேன். உன் அம்மா தடுமாறவில்லை, தப்பு முழுக்க என்னுடையது, வேலை போய்விடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். "எங்கிட்டகூட அம்மா சொல்லலையே ஆன்ட்டி" என்று அழுதாள். அப்புறம் நான் சாப்பிட்டேனா என்று கேட்டாள்.

அவளும் என்னைத் திட்டவில்லை. உன் பிள்ளைதானே. ஒரு தடவையாவது யாராவது திட்டியிருந்தால் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். இது இனி என்னோடேதான் இருக்கும், இருக்கட்டும். இத்தனை நாள் என் தப்பை நீ உன் பெயரில் வைத்துக்கொண்டாயே, அது போதும்.