மெருகேற்றிய மேல்தளம்

ஆயுத பூஜை, இரவு.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நான் வேலை பார்த்த விமானந்தாங்கிக் கப்பலைப் பழசாகிவிட்டதென்று துறைமுகத்தில் துருப்பிடிக்கவிட்டு, கடைசியில் எடைக்குப் போட்டார்கள். அதன் மேல்தளத் தகடு ஒன்றை எங்கள் ஓசூர் ஆலை முதலாளி வாங்கி வந்து, இன்று அதன்மேல் பூசணிக்காய் உடைத்தார். விமானம் வழுக்காதிருக்கப் பூசிய சொரசொரப்பை அரைத்தெடுத்து, முகம் தெரிய மெருகேற்றியிருக்கிறார்கள் அறிவாளிகள்.

"எப்டி மின்னுது பாத்தீங்களா சார்? உங்க கப்பலுதான, ஒரு செல்பி எடுத்துக்குங்க" என்றான் மேனேஜர்.

"அந்தச் சொரசொரப்புலதான்யா பைலட் உயிரே இருந்துச்சு."

"இருக்கட்டும் சார். உங்க காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரத்துல மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காதீங்க."

சிரித்துக்கொண்டு படத்துக்கு நின்றேன்.

விடுமுறை முடிந்ததும் இந்த டைரிப் பக்கத்தைக் கிழித்துக் கேன்டீன் பலகையில் ஒட்டப்போகிறேன். கப்பலில் இருந்தவன் ஆலையில் நான் ஒருவன்தான். ஆனாலும் பெயர் போட மாட்டேன்.